டெப்பா, கிண்டிலா? முதலில் ஒரு சொல்லை அழுத்திப் பாருங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் எனக்கு ஒரு சின்ன அறை இருக்கிறது. புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பதுதான் வேலை. கவிதைத் தொகுப்பு, கட்டுரைத் தொகுப்பு, கோவில் மலர், 31ஆம் நாள் நினைவு மலர் என்று எது வந்தாலும் செய்வேன். வருகிறவர்களில் வாசகர்கள் கேட்பது, "தம்பி, டெப் வாங்குறதா, கிண்டில் வாங்குறதா?" டெப் என்றால் டெப்லெட், கிண்டில் என்றால் புத்தகம் வாசிக்கவென்றே அமேசான் விற்கும் மின்வாசிப்பான். எழுத்தாளர்கள் கேட்பது, "இந்தப் புத்தகத்தை நெட்டில போட எவ்வளவு முடியும்?" இரண்டு பேரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான். உங்களிடம் இருக்கும் புத்தகம் எழுத்தா, படமா?

பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கேள்வி விளங்குவதில்லை. திரையில் தெரிவதெல்லாம் எழுத்துத்தானே என்று பார்ப்பார்கள். ஆனால் எந்தக் கருவி வாங்குவது, எங்கே வெளியிடுவது, எவ்வளவு செலவாகும் என்ற எல்லாக் கேள்விக்கும் இதற்குள்தான் பதில் இருக்கிறது. அதனால் இதையே முதலில் விளக்கிவிடுகிறேன்.

சோதித்துப் பார்ப்பது லேசு. உங்கள் போனில் இருக்கும் ஏதாவது ஒரு தமிழ் மின்னூலைத் திறந்து, ஒரு சொல்லின்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். சொல் தெரிவானால் அதைக் கொப்பி செய்து வட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். அதே தமிழ்ச் சொல் வந்து விழுந்தால் உங்களிடம் இருப்பது எழுத்து. எவ்வளவு அழுத்தியும் ஒன்றும் தெரிவாகாவிட்டால் அது படம். யாரோ ஒருவர் அச்சுப் புத்தகத்தை ஸ்கேனரில் கவிழ்த்துப் பக்கம் பக்கமாகப் படமெடுத்திருக்கிறார். உங்கள் போனைப் பொறுத்தவரை அது ஒரு கல்யாண அல்பம் மாதிரித்தான். அதில் எத்தனை எழுத்து இருந்தாலும் போனுக்கு ஓரெழுத்தும் தெரியாது.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. இலங்கையில் அது நிறைய. சொல் தெரிவாகும், ஆனால் ஒட்டிப் பார்த்தால் ஆங்கில எழுத்துக் குவியல் வரும். 'தமிழ்' என்று கண்ணுக்குத் தெரிந்த சொல், ஒட்டியவுடன் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சின்ன ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். இது பாமினி எழுத்துருவின் வேலை. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனிக் குறியீடு கொடுக்கும் யுனிகோட் பரவலாகப் பாவனைக்கு வருவதற்கு முன்னால் கணினிக்குத் தமிழ் தெரியாது. ஆகவே ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் முகமூடி போட்டு அச்சடித்தோம். கடதாசியில் அது குறைவில்லாத தமிழ். கோப்புக்குள் ஆங்கிலம். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரு தலைமுறைப் புத்தகங்கள் பேஜ்மேக்கர் என்ற பக்க அமைப்பு மென்பொருளில் இப்படித்தான் உருவாகின. இதை எழுத்தாளர்கள் பகுதியில் மறுபடி எடுக்கிறேன். வாசகருக்கு இப்போதைக்கு எழுத்து, படம் என்ற இரண்டும் போதும்.

நான் விட்ட பிழை

2018இல் லண்டனில் இருந்து வந்த ஒரு மச்சானிடம் சொல்லி 6 அங்குலக் கிண்டில் ஒன்று எடுப்பித்தேன். ஆசையெல்லாம் பழைய ஈழத்துச் சஞ்சிகைகளைப் படுக்கையில் சாய்ந்தபடி வாசிப்பது. இறக்கி வைத்திருந்த பிடிஎஃப்களை அன்றிரவே ஏற்றித் திறந்தேன். பக்கம் தெரிந்தது. எழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல இருந்தது. பெருப்பித்தால் ஒரு வரியை வாசிக்க இடமிருந்து வலமாக இழுக்க வேண்டும். அடுத்த வரிக்குத் திரும்ப இடப்பக்கம் இழுக்க வேண்டும். ஒவ்வோர் இழுவைக்கும் அந்தத் திரை ஒருமுறை கண் சிமிட்டிவிட்டுத்தான் அடுத்ததைக் காட்டும். மூன்றாம் பக்கத்தோடு அதை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டேன்.

கருவியில் பிழையில்லை. அடிமட்டம் எடுத்து அளந்திருந்தால் வாங்க முதலே விளங்கியிருக்கும். நமது புத்தகங்களில் அநேகமானவை டெமி அளவு, அதாவது அகலம் சுமார் 14 செ.மீ., உயரம் 21.5 செ.மீ. 6 அங்குலத் திரை என்பது மூலைக்கு மூலை அளந்த கணக்கு. உண்மையில் அதன் அகலம் 9 செ.மீ., உயரம் 12 செ.மீ. அளவில்தான் வரும். டெமிப் பக்கத்தை அதற்குள் அடக்கினால் எழுத்து ஏறத்தாழ பாதி அளவாகிவிடும். சஞ்சிகைப் பக்கம் இன்னும் பெரிது, ஆகவே அதன் எழுத்து அதைவிடச் சிறுத்துவிடும். 10.1 அங்குல ஆண்ட்ராய்டு டெப் ஒன்றை அளந்து பாருங்கள்: 13.6க்கு 21.7 செ.மீ. கிட்டத்தட்ட டெமிப் பக்கமேதான். ஸ்கேன் செய்த நாவலை அதில் திறந்தால் அச்சில் இருந்த அதே அளவில் எழுத்து கிடைக்கும்.

ஆகவே வாசகருக்கு என் பதில் இதுதான். ஸ்கேன் செய்த பழைய நூல், சஞ்சிகை, பத்திரிகை, ஆய்வுக் கட்டுரை என்று வாசிப்பவராக இருந்தால் 10 அங்குல டெப். எழுத்தாகவே கிடைக்கும் நாவல், சிறுகதை, அத்தோடு ஆங்கிலப் புத்தகங்கள் என்றால் 6 அல்லது 7 அங்குல மின்வாசிப்பான். வீட்டில் பள்ளிப் பிள்ளை இருந்தால் யோசிக்கவே தேவையில்லை, டெப்தான். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் பிடிஎஃப் ஆகத்தான் இணையத்தில் கிடைக்கின்றன. வண்ணப் படங்கள் வேறு. 10 அங்குல மின்வாசிப்பான்களும் இருக்கின்றன, ஆனால் அந்த விலைக்கு நல்லதொரு டெப்பும், மிச்சக் காசுக்கு ஒரு சாக்குப் புத்தகமும் வாங்கலாம்.

எதையும் வாங்க முன்னால் ஒன்று செய்யலாம். கிண்டில் செயலியைப் போனில் இலவசமாக ஏற்றி ஒரு மாதம் வாசித்துப் பாருங்கள். 100ஆம் இலக்க பஸ்ஸில் கோட்டை போய்ச் சேர்வதற்குள் எத்தனை பக்கம் புரள்கிறது என்று பார்த்தால் உங்களைப் பற்றி உங்களுக்கே தெரிந்துவிடும். போனிலேயே முழு நாவல் முடிப்பவர்களை எனக்குத் தெரியும். புதுக் கருவி வாங்கியதும் வாசிப்புப் பழக்கம் தானாக வரும் என்று நம்பியவர்களையும் தெரியும். என் லாச்சியை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

அந்தத் திரைக்குள் என்ன இருக்கிறது

டெப்பின் திரையும் மின்வாசிப்பானின் திரையும் வெவ்வேறு சாதி. டெப்பில் திரைதான் விளக்கு. ஒளி அங்கிருந்து புறப்பட்டு உங்கள் கண்ணுக்கு வருகிறது. மின்வாசிப்பானில் இருப்பது மின்மை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பிறந்த யோசனை அது. அதை விற்பனைக்குக் கொண்டுவர 1997இல் இ இங்க் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. 2004இல் சோனி ஜப்பானில் அந்தத் திரையோடு ஒரு வாசிப்பானை விற்றது. 2007 நவம்பரில் அமேசானின் முதல் கிண்டில் 399 டொலருக்கு வந்த பிறகுதான் உலகத்துக்கு அது பழக்கமானது.

வேலை செய்யும் விதம் அழகானது. மயிரிழைத் தடிப்பான நுண்ணிய குமிழிகள் இலட்சக்கணக்கில் திரைக்குள் பரவியிருக்கும். ஒவ்வொரு குமிழியின் திரவத்துக்குள்ளும் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் மிதக்கும். வெள்ளைக்கு ஒரு மின்னேற்றம், கறுப்புக்கு எதிர் மின்னேற்றம். கீழிருந்து மின்சாரம் கொடுக்கும் திசையைப் பொறுத்து ஏதாவது ஒரு நிறம் மேலே வந்து நிற்கும். நின்றது நின்றதுதான். அடுத்த பக்கம் புரட்டும் வரை அந்த எழுத்தைப் பிடித்து வைத்திருக்க மின்சாரமே தேவையில்லை. அறை வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்துக் கண்ணுக்கு வருகிறது, கடதாசியில் வருவதைப்போலவே. இருட்டில் வாசிக்க ஓரங்களில் சிறு விளக்கு வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட் இருந்தபோது என் கிண்டில் லாச்சியை விட்டு வெளியே வந்தது. போனின் சார்ஜைக் குடும்பத்தோடு கதைக்கவும் காஸ் வரிசை எங்கே என்று அறியவும் சேமிக்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் கிண்டில் மட்டும் மூன்று வாரத்துக்கு மேல் சார்ஜரைக் கேட்கவேயில்லை. நல்லவேளையாக அதற்குள் எழுத்துக் கோப்புகளாக நாவல்களைச் சேர்த்து வைத்திருந்தேன்.

வெயிலும் ஒரு விஷயம். மத்தியானம் கடற்கரை ரயில் பாதையோரம் டெப்பைத் திறந்தால் உங்கள் முகமும் வானமும்தான் தெரியும். மின்வாசிப்பானில் வெயில் கூடக் கூட எழுத்துத் தெளியும். நிறை பார்த்தாலும், சாதாரணக் கிண்டில் 158 கிராம், 10 அங்குல டெப் அரைக் கிலோவுக்குக் கிட்ட. படுத்தபடி வாசிக்கும்போது கைக்குள்ளிருந்து நழுவி மூக்கில் விழுந்தால் வித்தியாசம் நன்றாகவே உறைக்கும்.

கண்ணுக்கு எது கெடுதல் என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2014 இறுதியில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு பரிசோதனை அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுகிறது. படுக்கைக்கு முன்னால் டெப்பில் வாசித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் வாசித்த இரவுகளைவிட உறக்கம் வர ஏறத்தாழ 10 நிமிடம் கூடுதலாக எடுத்தது. கலந்துகொண்டவர்கள் 12 பேர்தான். அதை வைத்துக்கொண்டு டெப்பை வீட்டை விட்டுத் துரத்த வேண்டியதில்லை. இரவில் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டால் சரி.

தண்ணீர் மாதிரி ஓடும் எழுத்து

இப்போது கோப்புக்கு வருவோம். பிடிஎஃப் 1993இல் அடோபி உருவாக்கியது. எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சகத்துக்குக் கொடுத்தாலும் பக்கம் ஒரு மில்லிமீற்றர்கூட அசையக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். அச்சுக்கு அது வரம். சின்னத் திரைக்கு அதே குணம்தான் தலையிடி.

இபப் அதற்கு நேரெதிர். அதில் பக்கம் என்று ஒன்றில்லை, எழுத்து மட்டும்தான். குவளையில் ஊற்றினால் குவளை வடிவமும் செம்பில் ஊற்றினால் செம்பு வடிவமும் எடுக்கும் தண்ணீர்போல, எந்தத் திரையில் திறக்கிறீர்களோ அதன் அகலத்துக்கு வரிகள் தாமாக உடைந்துகொள்ளும். எழுத்தைப் பெருப்பித்தால் படம்போல வெளியே வழியாது, வரிகள் மறுபடி அமையும். அதன் உள்ளே இருப்பது ஒன்றும் மாயமில்லை. இபப் கோப்பின் பெயரில் கடைசிப் பகுதியை ஸிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், அத்தியாயத்துக்கு ஒன்றாகச் சில இணையப் பக்கங்களும், அலங்காரக் குறிப்புள்ள ஒரு கோப்பும், அட்டைப்படமும் இருக்கும். 200 பக்க நாவலை ஸ்கேன் பண்ணினால் பல எம்பி. இபப்பில் அட்டைப்படத்தை விட்டால் பெரும்பாலும் ஒரு எம்பிக்குள் அடங்கிவிடும்.

எழுத்தாக இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு, அதைப் பலர் நினைப்பதில்லை. போன் அதை வாய்விட்டு வாசிக்கும். ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ்க் குரல் இருக்கிறது. கண்பார்வை மங்கிய என் பெரியம்மா ஒரு நாவலை இப்படிக் கேட்டே முடித்தார். குரல் கொஞ்சம் ரோபோ மாதிரி இருந்தாலும், "செய்தி வாசிக்கிற பிள்ளையளைவிட ழகரம் பரவாயில்லை" என்றார். படத்தில் இது நடக்காது.

தமிழுக்கென்று இரண்டு சிக்கல் இருக்கிறது. முதலாவது நமது சொற்களின் நீளம். 'வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' போன்ற ஒரு சொல் சின்னத் திரையில் ஒரு வரியை விழுங்கிவிடும். இரு பக்கமும் வரி ஒட்ட அமைத்தால், அது அடுத்த வரிக்குத் தாவியதும் மிச்சமிருக்கும் இரண்டு சொல்லுக்கு நடுவில் பஸ் போகலாம். வாசிப்பானின் அமைப்புகளில் இடப்பக்கம் மட்டும் ஒட்டும்படி மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். இரண்டாவது, எழுத்தைக் கோக்கத் தெரியாத கருவிகள். 'கொ' என்பதில் ககரத்துக்கு முன்னால் கொம்பும் பின்னால் அரவும் (துணைக்காலும்) வந்து உட்கார வேண்டும். தமிழ் பழகாத சில மலிவு வாசிப்பான்களில் கொம்பு தனியாகப் பின்னால் ஒரு புள்ளி வட்டத்தோடு தொங்கும். ஆகவே கடையில் பெட்டியைப் பார்த்து வாங்காமல், உங்கள் கோப்பொன்றைக் கொண்டுபோய்த் திறந்து காட்டச் சொல்லுங்கள். அமேசானுக்கு இலங்கையில் கடையில்லை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் கிண்டில் கிடைத்தாலும் யாரோ வெளிநாட்டில் இருந்து எடுப்பித்ததாகத்தான் இருக்கும். உத்தரவாதம் என்றால் அந்தக் கடைக்காரர் முகம்தான்.

தமிழில் எங்கே என்ன கிடைக்கும்

நம்மவருக்கு முதலாவது நூலகம் திட்டம். 2005இல் இருந்து ஈழத்துத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள் என்று இணையத்தில் சேர்த்துக்கொண்டே வருகிறது, எல்லாம் இலவசம். அநேகமானவை ஸ்கேன் செய்த பிடிஎஃப். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்ததைக் கண்ட சமூகம், இருப்பதை முதலில் படமாகவாவது பிடித்து வைப்போம் என்று இறங்கியதில் ஆச்சரியமில்லை. தட்டெழுதி, பிழை திருத்தி எழுத்தாக்க ஆட்களும் காலமும் வேண்டும். கறையானுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆகவே நூலகத்தை முழுமையாகப் பாவிக்க நினைப்பவர் டெப்புக்குப் போக வேண்டும்.

மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சங்க இலக்கியம் முதல் பழைய உரைநடை வரை தன்னார்வலர்கள் தட்டெழுதியது. அதாவது எழுத்து. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் எழுத்தாளர்கள் தாங்களே இலவசமாகக் கொடுத்த இக்கால நூல்கள் இபப் வடிவிலும், 6 அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்த பிடிஎஃப் ஆகவும் கிடைக்கும். அந்த 6 அங்குல பிடிஎஃப் என்ற யோசனை யாருடைய தலையில் உதித்ததோ, என்னைப்போல ஏமாந்த ஒருவராகத்தான் இருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்க, கிண்டில் கடையில் 2016 டிசம்பரில் இருந்து தமிழ் நூல்கள் இருக்கின்றன.

காசு கொடுத்து வாங்கினால் சொந்தமா என்றால், இல்லை. வாசிக்கும் அனுமதியைத்தான் விற்கிறார்கள். 2009 யூலையில் உரிமையில்லாத ஒரு நிறுவனம் கிண்டில் கடையில் போட்ட ஒரு நாவலை, வாங்கியவர்களின் கருவிக்குள்ளேயே புகுந்து அமேசான் அழித்தது. காசைத் திருப்பிக் கொடுத்து, பிறகு மன்னிப்பும் கேட்டது. எந்த நாவல் என்று தேடிப் பாருங்கள், சிரிப்பு வரும். 2025 பெப்ரவரியில் இருந்து, வாங்கிய கோப்பைக் கணினியில் இறக்கி வயர் மூலம் ஏற்றும் வசதியையும் நிறுத்திவிட்டார்கள். நீங்களாகத் தேடி வைத்திருக்கும் பூட்டில்லாத இபப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. அதைக் கிண்டிலுக்கு மின்னஞ்சலில் அனுப்பலாம், கோபோ போன்ற வேறு மின்வாசிப்பான்களில் வயர் போட்டு நேரடியாக ஏற்றலாம்.

எழுதுகிறவர்களுக்கு

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போன வருடம் ஒரு சீடியோடு வந்தார். மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவேன். 2004இல் 300 பிரதி அச்சடித்த கட்டுரைத் தொகுப்பு, 176 பக்கம், எல்லாம் முடிந்துவிட்டது. "கனடாவில இருந்து பிள்ளையள் கேக்கினம் தம்பி. கிண்டில்ல போடேலுமோ? சீடியில எல்லாம் இருக்குத்தானே, ஒரு மணித்தியாலத்தில முடியாதோ?"

எடுத்தது இரண்டரை வாரம். முதல் இரண்டு நாள் சீடி போடும் இடமுள்ள கணினி ஒன்றைத் தேடிப் போனது. உள்ளே இருந்தது பேஜ்மேக்கர் கோப்பு, பாமினி எழுத்து. பாமினியை யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. ஒட்டினால் ஒரு நொடியில் மாற்றித் தரும். ஆனால் எது பாமினி, எது உண்மையாகவே ஆங்கிலம் என்று அதற்குத் தெரியாது. ஆங்கிலத்தில் புக் என்று அடித்திருந்த சொல், தமிழுக்கு மாறி 'டிழழம' என்று வந்து நின்றது. மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "இதென்ன தம்பி, சங்கத் தமிழோ?" என்று கேட்டார். நூலின் ஆங்கில மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் முழுவதும் கையால் திருத்தினோம்.

சீடியும் இல்லை, அச்சுப் பிரதி ஒன்றுதான் மிச்சம் என்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் மூலம் எடுப்பது. கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி டொக்ஸில் திறந்தால் தமிழும் வரும், வியக்கும்படி நன்றாகவே வரும். அரவையும் ரகரத்தையும் அது மாறி வாசிக்கும் இடங்களைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். 'மரம்' 'மாம்' ஆகிவிடும். பழைய ணா, றா, னா வடிவங்களிலும், துதிக்கை வைத்த லை, னை போன்றவற்றிலும் தடுமாறும். ஒரு முழுப் பிழைதிருத்தம் இல்லாமல் எந்த வழியிலும் தப்ப முடியாது. செலவு எங்கே என்று கேட்டால் இதுதான் செலவு. இபப் கட்டுவதற்கான சிகில், நூல்களை ஒழுங்குபடுத்தும் கலிபர் எல்லாம் இலவச மென்பொருட்கள்.

இனிமேல் எழுதப்போகிறவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், யுனிகோடிலேயே தட்டெழுதுங்கள். அச்சகம் பாமினி கேட்டால் அவர்களுக்கு மாற்றிக் கொடுங்கள், மூலப் பிரதி உங்களிடம் யுனிகோடில் இருக்கட்டும். அச்சான பிறகு கடைசித் திருத்தம் செய்த கோப்பைக் கேட்டு வாங்குங்கள். பிடிஎஃப்பை மட்டும் தந்துவிட்டு முடிந்தது என்பார்கள், விடாதீர்கள். பதிப்பாளரோடு ஒப்பந்தம் எழுதினால் மின்னூல் உரிமை யாருக்கு என்று தனி வரியில் எழுதிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் நடப்பதுதான் நமது வழக்கம், அதனால்தான் சொல்கிறேன். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி உரிமை எழுத்தாளரின் ஆயுளுக்கும் அதன்பின் 70 வருடத்துக்கும் இருக்கும். 1980இல் இறந்த ஒருவரின் நாவலை 2050 வரை குடும்பத்தைக் கேட்காமல் மின்னூலாக்க முடியாது.

காசுக் கணக்கு. எழுத்தாளரே நூலை வெளியிடும் அமேசானின் கேடிபி தளத்தில் மின்னூல் போட அனுமதிக் கட்டணம் இல்லை. அமெரிக்க வரிப் படிவத்தைப் பொறுமையாக நிரப்ப வேண்டும். விலை 2.99 முதல் 9.99 டொலருக்குள் இருந்தால் 70 வீதம் எழுத்தாளருக்கு, மற்ற விலைகளில் 35 வீதம். 2.99க்கு விற்றால் கோப்புக்கான சிறு கழிவு போக 2 டொலரளவில் மிஞ்சும். 0.99க்கு விற்றால் 35 சதம். அந்த 70 வீதமும் எல்லா நாட்டு விற்பனைக்கும் கிடையாது. கனடா, பிரித்தானியா, ஜெர்மனி, பிரான்ஸ் பட்டியலில் உண்டு, இலங்கையில் இருந்து வாங்குபவருக்குக் கிடைக்காது. நமது வாசகர்கள் எங்கே சிதறிப்போய் இருக்கிறார்கள் என்று பார்த்தால், இந்தக் கணக்கு ஈழத்து எழுத்தாளருக்கு அவ்வளவு மோசமில்லை. செலெக்ட் என்ற திட்டத்தில் சேரச் சொல்லிக் கேட்கும். சேர்ந்தால் மாதச் சந்தா கட்டி வாசிப்பவர்கள் புரட்டும் பக்கத்துக்கும் காசு வரும், ஆனால் 90 நாளைக்கு அந்த மின்னூலை வேறெங்கும் கொடுக்க முடியாது, இலவசமாகக்கூட. நான் பெரும்பாலும் வேண்டாம் என்பேன்.

ஒவ்வொரு நூலையும் அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் இலக்கத்தைக் கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை தருகிறது. 978-955, இப்போது 978-624 என்று தொடங்குவது நமது. அச்சுப் பிரதிக்கு வேறு, மின்னூலுக்கு வேறு எடுக்க வேண்டும். அமேசான் அது இல்லாமலும் ஏற்றுக்கொள்ளும்.

அச்சை விட்டுவிடுங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போன காலத்தில் பலர் அப்படி நினைத்தார்கள். ஆனால் இங்கே புத்தகம் விற்பது பெரும்பாலும் வெளியீட்டு விழாவில். தமிழ்ச் சங்க மண்டபத்தில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று மேடையேறி, என்வலப்பைக் கையில் வைத்துவிட்டுப் போகிறார்களே, அதில்தான் அச்சுச் செலவு திரும்பி வருகிறது. மின்னூலுக்குச் சிறப்புப் பிரதி கொடுக்க வழியில்லை. 500 அடிக்க நினைப்பவர் 200 அடிக்கலாம், அதே கோப்பில் இபப்பும் கட்டி வைக்கலாம்.

மாஸ்டரின் நூல் ஒருவழியாக முடிந்தது. அவருடைய போனிலேயே திறந்து கொடுத்தேன். எழுத்தைப் பெருப்பிக்கக் காட்டிக் கொடுத்ததும், திரையில் ஏழெட்டுச் சொல் மட்டும் நிற்கும்வரை பெருப்பித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசித்தார். அப்புறம் பொருளடக்கத்துக்குப் போனார். "பக்க இலக்கம் எங்கே தம்பி?"

இதில் பக்கம் என்று ஒன்று இல்லை, எழுத்தின் அளவுக்கேற்ப மாறும், தலைப்பைத் தொட்டால் அந்த இடத்துக்குப் போகும் என்று விளக்கினேன். தொட்டுப் பார்த்தார். போனது. திரும்பி வந்து இன்னொன்றைத் தொட்டார், அதுவும் போனது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப விழாவில மதிப்பீட்டுரை செய்யிறவர், நாப்பத்திரண்டாம் பக்கத்தில ஆசிரியர் சொல்லுறார் எண்டு எப்பிடித் தம்பி சொல்லுறது?"

100 பிரதி அச்சடிக்கக் கொடுத்தோம்.